பாலைவனக் கல்லறையும் பயணியின் மூச்சும்

கப்பற் பயணம் பெருவழக்காயிருந்த காலத்தில், கொழும்பிலிருந்து ஐரோப்பா சென்றோரிற் சிலர் சுயெஸ் துறையில் இறங்குவர். மோட்டார் வண்டியிற் கெய்ரோ நகர் சென்று பிரமிட்டுகளைக் காண்பர். பின்னர் போர்ட் செயிட்டில் தங்கள் கப்பலை மீண்டும் பிடிப்பர். கப்பல் கால்வாயைக் கடக்கும் நேரமே அவர்களுக்குக் கிடைத்த அவகாசம்.

பிரமிட்டுகளைப் பார்ப்பதற்கு அது போதுமாயிருக்கலாம். ஆனால், எகிப்தின் பழஞ்செல்வங்களில் நிலத்துக்குக் கீழேயுள்ளவையும் பல. தெற்கே, லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில் வறண்ட சுண்ணாம்புக்கல் மலைகள் நிற்கின்றன. அவற்றைக் குடைந்தே பண்டை அரசரையும் அரசியரையும் அடக்கஞ் செய்தனர்.

அங்கே அரசியர் பள்ளத்தாக்கில் நெபர்த்தாரியின் கல்லறை உளது. அவள் ஏறத்தாழ 3200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் பட்டத்தரசி. 1904ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் ஸ்கியாபரெல்லி அக்கல்லறையைக் கண்டறிந்தபோது, கள்வர் அதனை முன்னரே சூறையாடியிருந்தனர். எனினும் சுவரோவியங்கள் எஞ்சியிருந்தன. வெள்ளாடை உடுத்த அரசி காய்களை நகர்த்தி ஆடுகிறாள். தெய்வங்களின் கைபற்றி நடக்கிறாள். மேலே நீல விதானத்திற் பொன்னிற விண்மீன்கள் நிறைந்துள்ளன.

இவ்வோவியங்களின் பகை நாம் கறியிலிடும் உப்பே. பாறையிலும் சாந்திலும் உறைந்துள்ள உப்பு, ஈரம் பட்டாற் கரைகிறது, உலரும்போது பளிங்குகளாக வளர்ந்து சாந்தைப் பெயர்த்துத் தள்ளுகிறது, ஓவியம் உதிர்கிறது. பாலைவனத்தில் ஈரம் ஏது? எப்போதாவது பெய்யும் மழை ஒன்று. பார்க்க வருவோரின் மூச்சும் வியர்வையும் மற்றொன்று.

1986 முதல் 1992 வரை எகிப்திய தொல்பொருட்டுறையினரும் கெட்டி நிறுவனத்தினரும் ஓவியங்களைப் பழுதுபார்த்தனர். 1995இற் கல்லறை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, நாளொன்றுக்கு 150 பேரே அனுமதிக்கப்பட்டனர். அவர்களும் சில நிமிடங்களில் வெளியேற வேண்டியிருந்தது.

நெடுந்தொலைவு வந்தவர்க்கு இது மனக்குறையே. ஆயினும் வருவோர் செய்த தீங்கு புதியதன்று. அயலிலுள்ள அரசர் பள்ளத்தாக்கில், பண்டைய கிரேக்க, உரோமப் பயணிகள் தம் பெயர்களைச் சுவர்களிற் கீறிச் சென்றனர். அத்தகைய கீறல்கள் 2000இற்கும் மேற்பட்டவை. அவர்கள் அறிந்தே கீறினர். இன்றைய பயணியோ, ஒன்றையும் தொடாது நின்றாலும், தன்னை அறியாமலே தீங்கு செய்கிறான்.

இதற்கு ஒரு மாற்றும் காணப்பட்டுள்ளது. துட்டன்காமுன் மன்னனின் கல்லறையை அளவு பிசகாமற் படியெடுத்து, 2014இல் அப்பள்ளத்தாக்கின் அண்மையில் அமைத்தனர். அங்கே ஒருவர் அவசரமின்றி நின்று பார்க்கலாம். அவர் மூச்சால் எதுவும் அழியாது. படியைக் கண்டு மனநிறைவடைவதா, மூலத்தையே காண்பேன் என்று வற்புறுத்துவதா என்பதை ஒவ்வொரு பயணியும் தீர்மானிக்கவேண்டும். மூலத்தைக் காணச் செல்பவர், குறித்த நேரத்தில் வெளியேறுமாறு காவலர் கூறும்போது முகஞ்சுளிக்காது புறப்படுவாராக. அவருக்குப் பின் வருவோர்க்கும் அந்த விண்மீன்கள் வேண்டும்.