கருவில் பட்ட காயத்துக்கும் நியாயம் உண்டு

(மும்பையில் நமது சங்கத்தின் மாதர் பிரிவுக் கூட்டத்தில், ரயில்வே எழுத்தரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



கர்ப்பிணி சாப்பிட்ட மருந்தினால் பிள்ளை ஊனத்தோடு பிறந்தால், அந்தக் குடும்பம் சட்டப்படி என்ன செய்யலாம்? இதுதான் இன்று எனக்குக் கொடுத்த பொருள். நம் வீடுகளில் அப்படி ஒரு பிள்ளை பிறந்தால் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். "தலைவிதி" என்பார்கள். "கிரகணத்தன்று வெளியே போனாள்" என்பார்கள். "அவள் வம்சம் அப்படி" என்று பெண்ணின் தலையிலேயே பழியைக் கட்டுவார்கள். மாத்திரையைச் செய்த கம்பெனி, எழுதிக் கொடுத்த டாக்டர், விற்ற கடைக்காரர் - இவர்களைப் பற்றி ஒரு வார்த்தை எழாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிறக்கும் நூறு குழந்தைகளில் இரண்டு, மூன்று குழந்தைகள் ஏதோ ஒரு பிறவிக் குறையோடு பிறக்கின்றன. பரம்பரை, நெருங்கிய உறவில் கல்யாணம், ருபெல்லா அம்மை, கட்டுக்கு அடங்காத சர்க்கரை நோய் எனக் காரணங்கள் பல. பல குழந்தைகளுக்குக் காரணமே தெரிவதில்லை. மருந்தினால் வருவது அதில் சிறு பங்குதான். ஆகவே எல்லா டாக்டர்களையும் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. மருந்து காரணமாக இருக்கும் இடத்தில் குடும்பம் வாய் மூடி இருக்கக்கூடாது என்பதே என் பேச்சு.

தோழர்களே, இந்தப் போராட்டத்தின் வரலாறு ஜெர்மனியில் தொடங்குகிறது. 1957 அக்டோபரில் குருனென்தால் என்ற கம்பெனி தாலிடோமைடு என்ற தூக்க மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மிகவும் பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்தது. மசக்கை வாந்திக்கும் பெண்கள் அதைச் சாப்பிட்டார்கள். கையும் காலும் வளராத குழந்தைகள் பிறந்தன. 1961 நவம்பரில் ஜெர்மனியில் மருந்தைத் திரும்பப் பெறும்போது உலகெங்கும் பத்தாயிரம் குழந்தைகளுக்கு மேல் பாதிக்கப்பட்டுவிட்டனர் என்பது கணக்கு. அமெரிக்காவில் பிரான்சஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, "போதிய சான்று இல்லை" என்று கையெழுத்துப் போட மறுத்தார். அந்த நாட்டுக் கடைகளுக்கு அந்த மருந்து அப்போது வரவே இல்லை. ஓர் அதிகாரி கடமையைச் செய்தால் எத்தனை பிள்ளைகள் தப்பும் பாருங்கள்!

கம்பெனி உடனே பணம் கொடுத்ததா? இல்லை. 1968-இல் தொடங்கிய கிரிமினல் வழக்கு 1970 டிசம்பரில் தீர்ப்பே இல்லாமல் முடிந்தது. பெற்றோர்கள் சங்கமாகச் சேர்ந்து நின்றதால் 10 கோடி மார்க் நஷ்டஈடு வந்தது. மன்னிப்பு என்ற சொல் கம்பெனியின் வாயிலிருந்து வர 2012 வரை ஆயிற்று. ஸ்பெயின் நாட்டில் நடந்தது இன்னும் கொடுமை. பாதிக்கப்பட்டவர்கள் 2013-இல் மாட்ரிட் கோர்ட்டில் ஜெயித்தார்கள். 2014-இல் மேல் கோர்ட், "காலம் கடந்துவிட்டது" என்று தீர்ப்பை ரத்து செய்தது. 2015-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தோற்றது நியாயம் இல்லாததால் அல்ல, தேதி தவறியதால்!

நம் நாட்டிலும் போராட்டம் நடந்தது. கர்ப்பமா இல்லையா என்று பார்ப்பதற்கு வீரியம் மிகுந்த ஹார்மோன் மாத்திரைகளைக் கொடுத்து வந்தார்கள். கருவிலிருக்கும் குழந்தைக்கு ஊனம் வரலாம் என்ற ஐயம் எழுந்தது. 1982-இல் அரசு தடை போட்டது. கம்பெனிகள் கோர்ட்டில் தடையுத்தரவு வாங்கின. பெண்கள் அமைப்புகளும் மக்கள் நல ஊழியர்களும் விடாமல் போராடிய பின் 1988-இல்தான் உறுதியாகத் தடை வந்தது.

இதெல்லாம் பழங்கதை அல்ல. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் மருந்தைக் கர்ப்ப காலத்தில் சாப்பிட்டால் பத்துக்கு ஒரு குழந்தை அளவில் உடல் குறையோடு பிறக்கிறது. பத்துக்கு மூன்று, நான்கு குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. பிரான்சில் தாய்மார்கள் 2011-இல் சங்கம் அமைத்துப் போராடி, 2017-இல் அரசின் நஷ்டஈட்டுத் திட்டத்தைப் பெற்றார்கள். தாய்மார்களே, ஒன்றை மறக்காதீர்கள். இதைக் கேட்டுவிட்டு வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. வலிப்பு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. கர்ப்பம் தரிக்கும் முன்பே டாக்டரிடம் கேட்டு மருந்தை மாற்றுவதுதான் வழி.

இனி சட்டத்துக்கு வருவோம்.

நமக்கு மிகவும் கைகொடுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். தனியார் டாக்டரும் ஆஸ்பத்திரியும் இதற்குள் வருவார்கள் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. பிள்ளைக்கும் நஷ்டஈடு உண்டு, பெற்றோருக்கும் தனியாக உண்டு என்று 1998-இல் சொன்னது. 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் மருந்துக் கம்பெனியையும் பிடிக்கிறது. பொருளில் குறை இருந்தாலும், போதிய எச்சரிக்கை தராவிட்டாலும் தயாரித்தவர் பொறுப்பு. டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "நீ கர்ப்பமா என்று கேட்டாரா? ஆபத்தைச் சொன்னாரா?" இதுதான் அது. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்தைக் கடைக்காரர் விற்றிருந்தால் அவரும் பதில் சொல்ல வேண்டும். அவர் மேல் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம்.

பிழைக்க வந்த நமக்கு இந்தச் சட்டத்தில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் எதிராளி இருக்கும் ஊரிலோ சம்பவம் நடந்த ஊரிலோதான் வழக்குப் போட வேண்டும். 2020 ஜூலையிலிருந்து, வழக்குப் போடுபவர் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ போடலாம். மாத்திரை எழுதியது மும்பை டாக்டராக இருக்கட்டும். நீங்கள் திருநெல்வேலிக்கே போய்க் குடியிருந்தால் அங்குள்ள மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். மருந்துக்கும் சிகிச்சைக்கும் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். அதை நம்பி உட்காரக்கூடாது.

"நாங்கள் காசு கொடுத்து வைத்தியம் பார்க்கவில்லையே" என்று சிலர் கேட்பீர்கள். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இலவசம் அல்ல. உங்கள் சம்பளத்தில் பிடித்த பணம் அது. ஆகவே இ.எஸ்.ஐ. மீதும் நுகர்வோர் வழக்குப் போடலாம் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரயில்வே ஆஸ்பத்திரிக்கும் அப்படியே தீர்ப்பு இருக்கிறது. எல்லோருக்கும் முழு இலவசமாக நடக்கும் அரசு ஆஸ்பத்திரி என்றால் நுகர்வோர் ஆணையம் போக முடியாது. சிவில் கோர்ட் போகலாம். அரசு டாக்டரின் கவனக்குறைவுக்கு அரசே பொறுப்பு என்று, ஹரியானாவைச் சேர்ந்த ஒரு கூலித் தொழிலாளிப் பெண்ணின் வழக்கில் 2000-இல் தீர்ப்பு வந்திருக்கிறது.

மாநில மருத்துவக் கவுன்சிலிலும் புகார் செய்யலாம். அது டாக்டரின் பதிவை நிறுத்தி வைக்கலாம், நஷ்டஈடு தராது. கிரிமினல் வழக்கு கடினம். மிகப் பெரிய கவனக்குறைவு இருந்தால்தான் நிற்கும் என்று 2005 தீர்ப்பு சொல்கிறது. கோபத்தில் முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடி, இரண்டு ஆண்டை அங்கேயே தொலைத்துவிடாதீர்கள்.

வக்கீலுக்குப் பணம்? 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஊனமுற்றோருக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் இலவச வக்கீல் உண்டு. பெண்ணிடமும் குழந்தையிடமும் வருமானச் சான்று கேட்கக்கூடாது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது பிச்சை அல்ல, உரிமை.

இப்போது முக்கியமான விஷயம். இத்தனை சட்டமும் ஒரு காகிதத்தின் மேல் நிற்கிறது. பார்சல் காணாமல் போனால் ரசீது இல்லாதவருக்கு ரயில்வேயில் என்ன பதில் கிடைக்கும்? அதே பதில்தான் கோர்ட்டிலும். எந்த மாத்திரை, எந்த மாதத்தில், எத்தனை நாள், யார் எழுதியது என்பதை நிரூபிக்க வேண்டியது நாம்.

நம் குடும்பங்களில் என்ன நடக்கிறது? தாராவியில் மாத்திரை. ஏழாம் மாதம் ரயில் ஏறி, தாய் வீட்டில் தலைப்பிரசவம். பிள்ளையின் சீட்டு நெல்லையில். மாத்திரைச் சீட்டு மழையில் ஒழுகிய வீட்டில். டாக்டர் இந்தியிலோ மராத்தியிலோ "கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய்?" என்று கேட்டது நம் பெண்ணுக்குப் புரிந்திருக்காது, தலையாட்டியிருப்பாள். இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவில்தான் நம் பிள்ளையின் வழக்கு தொலைகிறது.

பிள்ளையின் சார்பில் சிவில் வழக்குப் போட, பதினெட்டு வயது முடிந்தபின் மூன்று ஆண்டு வரை காலவரம்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் உள்நோயாளிப் பதிவேட்டை ஆஸ்பத்திரி மூன்று ஆண்டுதான் வைத்திருக்கக் கடமைப்பட்டது. சட்டம் காத்திருக்கும், காகிதம் காத்திருக்காது! கருவில் பட்ட காயத்துக்குப் பிள்ளையே வழக்காடலாம் என்று இங்கிலாந்தில் 1976-இல் தனிச் சட்டம் செய்தார்கள். நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆகவே பிள்ளை பெயரோடு தாய் தகப்பன் பெயரையும் சேர்த்து, காலத்தோடு மனுக் கொடுப்பதே நல்லது.

ஆகவே தாய்மார்களே, நான் கேட்பது இவ்வளவுதான். நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் எந்த டாக்டரிடமும் எந்தக் கடையிலும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். மொழி தெரியாவிட்டால் தெரிந்தவரை அழைத்துப் போங்கள். சங்கத்துப் பெண்கள் வருவார்கள். கருக்கலைப்பு மாத்திரையைக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். கரு கலையாமல் நின்றுவிட்டால் குழந்தைக்கு ஊனம் வரக்கூடும். தாய் சேய் அட்டையில் எல்லா மாத்திரையும் எழுதச் சொல்லுங்கள். சீட்டு, பில், மாத்திரை அட்டை மூன்றையும் ஒரு பையில் போட்டு ஊருக்குக் கொண்டு போங்கள். அட்டையில் கம்பெனிப் பெயரும் பேட்ச் எண்ணும் இருக்கும். வெளிநோயாளிச் சீட்டுக்கு வேறு நகல் இருக்காது. உங்கள் கையில் இருப்பதுதான் சாட்சி.

பிள்ளைக்குக் குறை என்று தெரிந்தால், ஆஸ்பத்திரிக்கு எழுத்தில் மனுக் கொடுத்துப் பதிவேட்டின் நகல் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு விதி. மருந்தின் கெடுதல்களைப் பதிவு செய்யும் அரசுத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற எண்ணில் சொல்லுங்கள். ஒரு வீட்டுக் குறை விதியாகத் தெரியும். நூறு வீட்டுக் குறை ஒரே மருந்தைச் சுட்டிக்காட்டும். ஊனமுற்றோர் அட்டைக்கும் உடனே எழுதிப் போடுங்கள். அது இந்தியா முழுவதும் செல்லும், வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சங்கத்துக்கும் வேலை இருக்கிறது. கர்ப்பிணிகளின் மருந்துச் சீட்டுகளைப் போட்டோ எடுத்து ஒரு பதிவேட்டில் வைக்கலாம் என்று செயற்குழு முன் தீர்மானம் கொண்டுவருகிறேன். ஒவ்வொரு சாலுக்கும் ஒரு தாயார் பொறுப்பேற்றால் போதும். நீங்கள் ஆதரிக்க வேண்டும்.

கம்பெனிக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளைக்கு நாம்தான் இருக்கிறோம்.