உயிலிலிருந்து பள்ளி வரை

(பிள்ளைப்பாக்கத்தில் நடைபெற்ற அட்சய திருதியை விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தானத்தின் சிறப்பை நினைவூட்டும் நன்னாள் இது. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நம் முன்னோர் தானத்தை நால்வகையாக வகுத்தனர். அவற்றுள் சாத்திர தானம் எனப்படும் கல்விக் கொடையைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். நம் அறக்கட்டளை கல்வி நிதியொன்றைத் தொடங்க எண்ணியுள்ளது. இவ்வேளையில், சென்னை மாநகரில் சிறுவர்க்கான பள்ளியொன்று தோன்றிய வரலாற்றை உங்கள்முன் வைப்பது பொருந்தும் எனக் கருதுகின்றேன். அது பச்சையப்பன் பள்ளியின் வரலாறு.

பச்சையப்ப முதலியார் 1754ஆம் ஆண்டு பிறந்தவர். பிறக்கும் முன்னரே தந்தையை இழந்தவர். வறுமையில் வளர்ந்து, சென்னைக்கு வந்து, ஆங்கில வணிகர்க்குத் துபாஷியாகப் பணியாற்றிப் பெருஞ்செல்வம் ஈட்டினார். 1794ஆம் ஆண்டு, நாற்பது வயதளவிலேயே மறைந்தார். மறையுமுன் உயில் எழுதித் தம் செல்வத்தைக் கோயிற் பணிகளுக்கும் ஏழைகளுக்கும் பிற அறங்களுக்கும் உரியதாக்கினார்.

பணம் இருந்தது, உயிலும் இருந்தது, எழுதியவரின் உள்ளமும் தூயது. ஆயினும் அறம் நடைபெறவில்லை. சொத்து பற்றிய வழக்குகளில் ஆண்டுகள் பல கழிந்தன. பின்னர் அரசுத் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இதில் கருத்தைச் செலுத்தினார். அக்காலச் சென்னை உச்ச நீதிமன்றத்தின் ஆணையின்படி அறப்பணிகளுக்கு ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. நகரத்துப் பெருமக்களைக் கொண்ட அறங்காவலர் குழு பொறுப்பேற்றது. சேர்ந்திருந்த பொருளில் எஞ்சியதைக் கொண்டு, 1842ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், பாபம்ஸ் பிராட்வேயில் பள்ளி தொடங்கப்பெற்றது. உயிலுக்கும் பள்ளி மணிக்கும் இடையே 48 ஆண்டுகள்! உயில் எழுதிய நாளில் பிறந்த குழந்தை, பள்ளி திறந்த நாளில் பேரப்பிள்ளைகளைக் கண்டிருக்கக்கூடும்.

அன்று சென்னையில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறித்தவ சமயத் தொண்டர்கள் கையிலும் அரசின் கையிலும் இருந்தது. ஆண்டர்சன் பாதிரியார் 1837ஆம் ஆண்டு தம் பள்ளியைத் தொடங்கியிருந்தார். அரசின் உயர்நிலைப் பள்ளி 1841ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இந்நாட்டார் ஒருவர் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு, இந்நாட்டாரே நிருவகித்த பள்ளி என்னும் பெருமை பச்சையப்பன் பள்ளிக்கு உரியதாயிற்று. 1846ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டி, 1850ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பச்சையப்பன் மண்டபம், ஏதென்சு நகரத்துப் பழங்கோயிலொன்றின் சாயலில் எழுந்த கட்டடம். 1889ஆம் ஆண்டு இப்பள்ளியே கல்லூரியாக வளர்ந்தது. கணித மேதை இராமானுசன் 1906ஆம் ஆண்டு அங்கே சேர்ந்து பயின்றவர்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க முதற்பாடம், கொடையைக் காப்பது கணக்கு என்பதாகும். இது நமக்குப் புதிய செய்தியன்று. கல்விக்கூடத்தைக் குறிக்கும் ‘பள்ளி’ என்னும் சொல், நம் முனிவர்களும் ஆரியாங்கனைகளும் தங்கிய உறைவிடத்திற்கு வழங்கிய சொல்லே. அப்பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலங்களைப் ‘பள்ளிச்சந்தம்’ என்றனர். நிலத்தின் எல்லை, கொடுத்தவர் பெயர், கொடையின் நோக்கம் ஆகியவற்றைக் கல்லில் வெட்டி, ஊரார் அனைவரும் காணுமாறு நிறுத்தினர். ஒரு குடும்பத்தின் பெட்டிக்குள் இருக்கும் ஓலை மறைந்து போகலாம். ஊர் பார்க்க நிற்கும் கல் எளிதில் மறையாது.

இரண்டாவது பாடம், கதவு பற்றியது. பச்சையப்பன் கல்விநிலையம் 1947ஆம் ஆண்டு வரை இந்து மாணவர்க்கு மட்டுமே இடமளித்தது. அது தொடங்கப்பெற்றதும் சிறுவர்க்காகவே. அக்காலத்து நிலை அது எனலாம். ஆயின் அதற்கும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முன்னரே நம் மண்ணில் வேறொரு காட்சி இருந்தது. வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடல் கல்வெட்டு முதலாம் ஆதித்த சோழன் காலத்தது. கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியர் நானூற்றுவரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை அவ்வூர்ச் சிராவகர் ஏற்றதை அது கூறுகின்றது. நானூறு மாணாக்கியர்க்கு அரணாக நின்ற ஊராரின் வழிவந்தோர், கல்வி நிதியில் ஆண் பிள்ளைக்கு ஓர் அளவும் பெண் பிள்ளைக்கு ஓர் அளவும் வைத்தல் தகுமா?

மூன்றாவது பாடம், இவ்வூர்க்கே உரியது. வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் பகுதிகளிலிருந்து நம் குடும்பங்கள் பல இத்தொழிற்பேட்டைகளை நாடி வந்துள்ளன. பிள்ளைப்பாக்கத்திலும் ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பதினெட்டு வயது நிரம்பியவுடன் ஒப்பந்தப் பணி எளிதில் கிடைக்கின்றது. வீட்டு வாடகைக்கும் கடனுக்கும் அந்த ஊதியம் உதவுகின்றது. அதனைக் குறைகூற எவர்க்கும் உரிமை இல்லை. ஆயினும் ஒப்பந்தம் முடிந்தபின் கையில் பட்டயமோ பட்டமோ இல்லாத இளைஞன் மீண்டும் வாயிற்கதவருகே வரிசையில் நிற்கின்றான்.

அருகிலுள்ள காஞ்சிபுரத்தை எண்ணிப் பாருங்கள். அங்குள்ள பச்சையப்பன் பள்ளியில் பயின்ற ஓர் எளிய குடும்பத்து மாணவர், வறுமையால் படிப்பை நிறுத்தி நகராட்சியில் எழுத்தராகச் சேர்ந்தார். பின்னர் மீண்டும் படிப்பைத் தொடர்ந்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1967ஆம் ஆண்டு அவரே தமிழகத்தின் முதலமைச்சரானார். அறிஞர் அண்ணாவைத்தான் குறிப்பிடுகின்றேன். படிப்பை நிறுத்தியவன் திரும்பி வருவதற்கு ஒரு வாயில் திறந்திருந்தது என்பதே இங்கு நாம் கருதவேண்டுவது.

ஆகவே நம் அறக்கட்டளைக்குச் சில கருத்துகளைப் பணிவுடன் முன்வைக்கின்றேன். கட்டடம் எழுப்புவதை இப்போதைக்கு ஒத்திவைப்போம். நிதியின் நோக்கத்தை ஒரே தாளில் எளிய தமிழில் எழுதி, கோயில் மண்டபத்தில் அனைவரும் காண ஒட்டிவைப்போம். ஆண்டுதோறும் இதே விழாவில் வரவு செலவை வாய்விட்டுப் படிப்போம். மாணவ மாணவியர்க்கு ஒரே அளவில் வழங்குவோம். பணியிலிருந்து படிப்புக்குத் திரும்ப விரும்புவோர்க்கென ஒரு பங்கைத் தனியே ஒதுக்குவோம். பகற்பள்ளி மாலையில் மூடிவிடும். அதன்பின் பிள்ளைகள் அமர்ந்து படிக்க ஓர் அறையும், கேட்டால் விளக்கம் சொல்ல நம்முள் பொறியியலும் கணிதமும் கற்றோர் இருவர் மூவரும் போதும். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

இன்று இங்கே கொடை அறிவிக்கவிருக்கும் பெருமக்கள் தொகையைச் சொல்லும்போதே, அது எந்த மாதம் முதல் எவ்வகையில் செலவாக வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுக்குமாறு வேண்டுகின்றேன். வரும் சூன் திங்களில் பள்ளிகள் திறக்கும். முதல் மாணவனுக்கும் முதல் மாணவிக்கும் உரிய கட்டணம் அதற்குள் சென்று சேரட்டும்.