வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு நாமே வாய்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



நம்ம குழுக்களில் அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளையையோ, தம்பி தங்கையையோ வைத்துப் பார்க்கிற வீடுகள் உண்டு. அவங்களுக்கு உடம்புக்கு முடியாமல் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் நாம் என்ன செய்யணும்? இன்றைக்கு அதைப் பேசுவோம்.

நமக்கு வயிறு வலித்தால் கை வைத்துக் காட்டுகிறோம். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அது வராது. தலையை முட்டிக்கொள்ளும், சோற்றைத் தள்ளும், ராத்திரி தூங்காது. "அது எப்பவும் அப்படித்தான்" என்று வீட்டிலும் விட்டு, ஆஸ்பத்திரியிலும் விட்டுவிட்டால் நோய் முற்றிப்போகும். குடல்வால் வீக்கத்தைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. "எப்பவும் இப்படி இருக்காது டாக்டர், மூணு நாளாகத்தான் இப்படி" என்று நாம் அழுத்தமாகச் சொல்லணும். பிள்ளையின் வழக்கம் நமக்குத்தானே தெரியும்?

கிளம்பும் முன்பே ஒரு தாளில் எழுதி வைப்போம்.

• என்ன மாத்திரை, எந்த நேரம்?
• எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது?
• வலிப்பு வருமா?
• வலித்தால் என்ன செய்யும்?
• எதற்குப் பயப்படும், எதைக் கொடுத்தால் அடங்கும்?

எழுதத் தெரியாதவங்களுக்குக் குழுவில் கணக்கு எழுதுகிறவர் எழுதித் தரட்டும். டாக்டரும் நர்சும் மாறினாலும் தாள் பேசும்.

ஆபரேஷனுக்கு வெறும் வயிறு என்றால் வலிப்பு மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்யணும். ஊசி என்றால் ஏமாற்றாமல், நம்ம கையில் தொட்டுக் காட்டிச் சொல்லுவோம்.

வரிசையில் நிற்க முடியவில்லையா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-வது பிரிவு சிகிச்சையில் முன்னுரிமை தரச் சொல்கிறது. அடையாள அட்டையைக் காட்டி, பயப்படாமல் கேட்போம். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. விவரத்தை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

இன்னொன்று. ராப்பகலாகக் கட்டில் பக்கம் உட்கார்ந்திருக்கும் தாய்க்கும் உடம்பு இருக்கிறது. ஒருத்தர் சோறு கொண்டு போகட்டும். ஒருத்தர் அவங்க ஆடு மாட்டைப் பார்க்கட்டும். பிள்ளைக்குப் பழக்கமான ஒருத்தர் ஒரு ராத்திரி மாற்றி இருக்கட்டும். அந்த மாதத் தவணைக்குக் குழுவே அவகாசம் கொடுக்கட்டும்.

சேமிப்பும் கடனும் மட்டுமா குழு? அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.