இரண்டு துளைகளும் ஐந்து ஒலிகளும்



என்னிடம் முன்பு பயின்ற இளைஞர் ஒருவர் அண்மையில் ஓர் ஐயத்துடன் வந்தார். ஒலிவாங்கியைக் கணினியோடு இணைக்கும் ‘ஆடியோ இன்டர்பேஸ்’ என்னும் சிறு பெட்டி அவரிடம் உள்ளது. அதில் ஒலிவாங்கிக்குரிய துளைகள் இரண்டே. அவர் பதிவு செய்ய விழைவதோ வில்லுப்பாட்டு. புலவரின் குரல், வில், உடுக்கை, குடம், தாளம் என ஒலிகள் ஐந்து. “ஐயா, இரண்டில் ஐந்தை அடக்குவது எங்ஙனம்?” என்றார்.

அவ்வினா என் பழைய புண்ணைத் தொட்டது. நான் பணியிலிருந்த காலத்தில், பள்ளி விழா ஒன்றில் முதிய புலவர் ஒருவரின் வில்லிசையைப் பதிவு செய்தேன். ஐந்து ஒலிவாங்கிகளையும் ஒரு மிக்சரில் செருகி, அதிலிருந்து வந்த இரண்டு கம்பிகளைப் பெட்டியில் இணைத்தேன். மிக எளிய வழிதான். வீட்டிற்கு வந்து கேட்டபோது, குடத்தின் ஒலி குரலை விழுங்கியிருந்தது. குடத்தைக் குறைத்தால் குரலும் குறைந்தது. மோரில் கரைத்த உப்பைப் பிரிப்பார் உண்டோ? அடுத்த ஆண்டே அப்புலவர் மறைந்தார். அப்பதிவு இன்றும் என்னிடம் உள்ளது. அவர் பாடுகின்றார், சொற்கள் விளங்கவில்லை. மிக்சரை நான் பழிக்கவில்லை. கலந்தபின் திருத்த வேண்டாத இடத்தில் அது நன்றே.

ஆதலின் அவ்விளைஞரிடம், “பெட்டியைத் திருப்பிப் பின்புறம் பார்” என்றேன். சில பெட்டிகளின் பின்னால் ‘லைன்’ துளைகள் இருக்கும். ஒலிவாங்கி தருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கே. அதனை நேரே அங்குச் செருகினால் முணுமுணுப்பே கிட்டும். இடையில் ‘ப்ரீஆம்ப்’ என்னும் பெருக்கி வேண்டும்.

வேறு சிலவற்றில் சிறு கதவிட்ட சதுரத் துளை ஒன்று காணப்படும். அது ஒளிக்குரியது! 1991-ஆம் ஆண்டில் அலீசிஸ் நிறுவனம் ‘ஏடாட்’ என்னும் எட்டுத்தட ஒலிப்பதிவுக் கருவியை அறிமுகம் செய்தது. அதன் நாடா வழக்கொழிந்தது. அதனோடு வந்த ஒளியிணைப்பு முறை மட்டும் நிலைத்துவிட்டது. எட்டு ஒலிவாங்கிகளை ஏற்கும் ப்ரீஆம்ப் ஒன்றிலிருந்து, ஒரே ஒளியிழை வழியே எட்டு ஒலிகளும் தனித்தனியே கணினியை அடையும். நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும்போது எட்டு. 96,000 என்றால் நான்கே. வாங்குமுன் அத்துளை உள்வரவுக்கு உரியதா என்று பாருங்கள். சிலவற்றில் அது வெளிச்செல்வதற்கு மட்டுமே அமைந்திருக்கும்.

இன்னொன்று. இரு கருவிகளுக்கும் தனித்தனிக் கடிகாரம் உண்டு. ஒரு பள்ளியில் இருவர் தத்தம் கடிகாரம் பார்த்து மணியடித்தால் என்னவாகும்? முப்பது ஆண்டுகள் மணியோசையோடு வாழ்ந்தவன் யான், அக்குழப்பம் அறிவேன். இங்கே அது ‘டிக், டிக்’ என்னும் இரைச்சலாகப் பதிவில் விழும். ப்ரீஆம்பைத் தலைமையாக வைத்து, ஒளித்துளை வழி வரும் காலக்கணக்கையே பின்பற்றுமாறு இன்டர்பேஸை அமைத்தல் வேண்டும்.

இளைஞரின் பெட்டியில் அந்தச் சதுரத் துளை இருந்தது. மூன்றாண்டுகளாக அதனை அவர் திறந்தே பார்த்ததில்லை! இப்போது நண்பர் ஒருவரிடம் ப்ரீஆம்ப் இரவல் பெற்றுள்ளார். வரும் கொடைவிழாவில் குடத்திற்கென்று தனியே ஓர் ஒலிவாங்கி வைக்கப் போகின்றார். யானும் உடன் செல்கின்றேன்.