கர்ப்பூரி தாக்கூரும் பங்குரிமையும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது பீகாரில் இருமுறை முதல் மந்திரியாயிருந்த தோழர் கர்ப்பூரி தாக்கூர் அவர்களைப் பற்றியதாகும். செத்துப்போனவருக்கு மாலை போட்டுவிட்டுக் கலைந்து போவது நமது நோக்கமல்ல. அவர் செய்த காரியத்தில் நமக்கென்ன பாடமிருக்கிறது என்று பார்க்கவே வந்திருக்கிறோம்.

அவர் 1924-ம் வருஷம் இன்றைய சமஸ்திபூர் ஜில்லாவில் ஒரு நாவிதர் குடும்பத்தில் பிறந்தார். 1942-ல் காலேஜ் படிப்பை விட்டுச் சிறை சென்றார். 1952-ல் சோஷலிஸ்டாகச் சட்டசபை புகுந்தார். ஊரார் தலையைச் சிரைக்க அவன் கை வேண்டும், ஊராளும் சபையில் மாத்திரம் அவன் வாய் திறக்கக்கூடாது என்பதுதானே தோழர்களே, நமது ஜாதி தர்மம்?

1967-ல் துணை முதல் மந்திரியாகவும் கல்வி மந்திரியாகவும் இருந்தபோது, மெட்ரிகுலேஷன் தேறுவதற்கு இங்கிலீஷில் கட்டாயம் தேறவேண்டும் என்ற விதியை எடுத்தார். படித்த கூட்டத்தார் கேலி செய்தார்கள். இங்கிலீஷ் வேண்டாமென்பது நமது கட்சியல்ல. ஏழைப் பிள்ளைகளுக்கும் அது வேண்டியதே. ஆனால் வாத்தியாரே இல்லாத கிராமத்துப் பிள்ளையை அந்த ஒரு பாடத்தைக் காட்டி வாசலிலேயே நிறுத்தி வைப்பது எந்த ஊர் நியாயம்?

நிற்க, அவர் முதலில் 1970 டிசம்பர் முதல் சில மாதங்களே முதல் மந்திரியாக இருந்தார். 1977-ல் மறுபடியும் வந்தார். முங்கேரி லால் கமிஷன் 1976-ல் கொடுத்த அறிக்கையை வைத்து, 1978-ல் சர்க்கார் உத்தியோகங்களில் 100-க்கு 26 ஒதுக்கினார். அதில் மிகப் பின்தங்கியவர்களுக்கு 12, மற்றப் பின்தங்கியவர்களுக்கு 8, பெண்களுக்கு 3, மேல் ஜாதி ஏழைகளுக்கு 3.

இந்தக் கணக்கைக் கவனியுங்கள். பின்தங்கியோர் என்று ஒரே பந்தியில் எல்லோரையும் உட்கார வைத்தால், நிலமும் ஆள்பலமும் உள்ளவன் முன்னிலையிலேயே தீர்த்துவிடுவான். நாவிதனும் குயவனும் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகையால் கடைசியில் இருப்பவனுக்குத் தனி இலை போட்டார். இதற்காக வீதியெங்கும் கலகம் செய்தார்கள். அவரது ஜாதியைச் சொல்லி வைதார்கள். 1979 ஏப்ரலில் சொந்தக் கட்சிக்குள்ளேயே ஆதரவிழந்து பதவி போயிற்று. பதவிதான் போயிற்றேயொழியப் பங்குக் கணக்கு போகவில்லை.

அவர் 1988-ல் இறந்தார். 2024-ல் பாரத ரத்னா பட்டம் கொடுத்தார்கள். உயிரோடிருந்தபோது வசவும், செத்து 36 வருஷம் கழித்துப் பட்டமும் என்பது இந்நாட்டுக்குப் புதிதல்ல. ஆனால் 2023-ல் பீகார் சர்க்கார் எடுத்த ஜாதிக் கணக்கில் மிகப் பின்தங்கியவர்கள் மாத்திரம் 100-க்கு 36 பேர் என்று தெரிய வந்தது. அவர் தனி இலை போட்டது சரிதான் என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்?

தோழர்களே! மேலே இருப்பவனிடம் பங்கு கேட்பது சுலபம். நமக்குக் கீழே இருப்பவன் நம்மிடம் பங்கு கேட்கும்போது என்ன சொல்லுகிறோம் என்பதில்தான் நமது யோக்கியதை இருக்கிறது. அந்தக் கேள்வியை ஒவ்வொருவரும் வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.