தட்டிய எழுத்தும் தேடிய கோப்பும்

அகராதியில் ஒரு சொல்லுக்குப் பொருள் காண விரும்புகிறவர் என்ன செய்கிறார்? முதல் பக்கத்திலிருந்து வரிவரியாகப் படித்துக்கொண்டு போவதில்லை. 'மரபு' என்ற சொல் வேண்டுமானால், மகரத்துக்குரிய பகுதியை உத்தேசமாகப் பிரிக்கிறார். அடுத்த எழுத்தைக் கொண்டு சில ஏடுகளை முன்னோ பின்னோ தள்ளுகிறார். சொல் கண்ணில் பட்டுவிடுகிறது. அதன் அண்டையில் இருக்கும் 'மரகதம்', 'மரம்' முதலிய சொற்களும் உடன் தென்படுகின்றன. அகரம் முதலாக அடுக்கப்பட்டதனாலேயே அந்நூல் அகராதி எனப் பெயர் பெற்றது. எழுத்துத் தெரிந்தவருக்கு இடம் தெரிந்துவிடும் என்பதே அவ்வடுக்கின் பயன்.

இன்று நம்மிற் பலருடைய கடிதங்களும், கணக்குகளும், புகைப்படங்களும் கணினியில் கோப்புகளாக இருக்கின்றன. அவற்றைப் பட்டியலிட்டுக் காட்டும் செயலியைக் கோப்பு மேலாளர் என்கிறோம். முந்நூறு கோப்புகள் கொண்ட பட்டியல் திரையில் விரிந்திருக்கும்போது, விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டினால் என்ன நேர வேண்டும்? சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆயினும் நாள்தோறும் எத்தனையோ கைகள் செய்கிற காரியம் இது. இதில் பிழை நேர்ந்தால் அதன் சுமை பயன்படுத்துகிறவர் தலையிலேயே விழுகிறது.

நெடுநாளைய வழக்கம் ஒன்று உண்டு. விண்டோஸ் கணினியிலும் மாக் கணினியிலும் பட்டியலை நோக்கி ஓர் எழுத்தைத் தட்டினால், அவ்வெழுத்தில் தொடங்கும் கோப்புக்குத் தெரிவு தாவிச் செல்லும். விரைந்து இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டினால், அம்மூன்றும் சேர்ந்து தொடங்கும் பெயருக்குச் செல்லும். பட்டியலில் எதுவும் மறைவதில்லை, வரிசை கலைவதில்லை. அகராதியைப் பிரிக்கும் விரலின் செயலையே இது ஒத்திருக்கிறது.

2012ஆம் ஆண்டில் இவ்வழக்கத்துக்கு ஒரு சோதனை வந்தது. லினக்ஸ் கணினிகளில் வழங்கும் க்னோம் என்னும் திரைச்சூழலின் கோப்பு மேலாளர் நாட்டிலஸ். அவ்வாண்டு வெளிவந்த 3.6ஆம் பதிப்பில் தாவும் வழக்கம் நீக்கப்பட்டது. எழுத்தைத் தட்டியவுடன் நிகழ்கோப்புறையிலும் அதன் உட்கோப்புறைகளிலும் தேடுதல் தொடங்கும். பட்டியல் அகன்று, தேடிக் கண்டவை மட்டும் அவ்விடத்தில் நிற்கும். இதனை ஏற்காதவர் பலர். உபுண்டு வெளியீட்டாளர்கள் பழைய வழக்கத்தை மீட்கும் திருத்தம் ஒன்றைச் சேர்த்துச் சில ஆண்டுகள் வழங்கினர். லினக்ஸ் மின்ட் குழுவினர் நாட்டிலஸின் முந்தைய பதிப்பிலிருந்து கிளைத்த நெமோ என்னும் கோப்பு மேலாளரை அதே ஆண்டில் உருவாக்கினர். அப்பதிப்பில் நீக்கப்பட்ட வசதிகள் அதற்குரிய காரணங்களுள் சில.

மாற்றம் செய்தவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. தம் கோப்பு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதை மறந்தவர் ஏராளம். பெயரின் நடுவில் வரும் சொல் மட்டும் நினைவில் நிற்பதும் உண்டு. அவர்களுக்குத் தாவுதல் உதவாது, தேடுதலே உதவும். உட்கோப்புறைகளுக்குள் செல்லாதபடி தேடுதலைக் கட்டுப்படுத்தும் விருப்பமும் பின்னர் அச்செயலியில் சேர்ந்தது.

ஆனால் காண்பது வேறு, தேடுவது வேறு. அலமாரியின் முன் நிற்கிறவர் நூலகரிடம், "அந்தக் கணக்குப் புத்தகத்தைக் காட்டுங்கள்" என்று கேட்கிறார். நூலகர் விரலை நீட்டிக் காட்டினால் காரியம் முடிந்தது. அதை விட்டு, அலமாரியிலுள்ள மற்றப் புத்தகங்களையெல்லாம் மறைத்துவிட்டு, கட்டடம் முழுவதும் சுற்றி 'கணக்கு' என்ற சொல் உள்ள நூல்களைக் கொணர்ந்து குவித்தால், கேட்டவர் திகைப்பார். நூலகர் உழைக்கவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டதைச் செய்யவில்லை என்றே சொல்ல வேண்டும்.

திகைப்போடு போவதில்லை. தேடுதலின் விடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்வன. முதலில் நின்ற பெயர் கண் இமைக்கும் நேரத்தில் இடம் மாறலாம். கண் ஒன்றைக் கண்டு, கை 'என்டர்' விசையை அழுத்துவதற்குள் வேறொரு கோப்பு அவ்விடத்துக்கு வந்துவிட்டால், திறப்பது அந்த வேறொன்றைத்தான்.

பழைய வழக்கத்திலும் ஒரு குறை உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. தட்டும் எழுத்துகளுக்கு இடையே சிறிது நேரம் கடந்தால், அடுத்த எழுத்தைக் கணினி புதிய தொடக்கமாகக் கொண்டுவிடுகிறது. க்யூட் என்னும் புகழ்பெற்ற நிரல் நூலகத்தில் இவ்விடைவெளி இயல்பாக 400 மில்லி நொடி; அரை நொடியும் இல்லை. விரைந்து தட்டுகிறவருக்கு அது போதும். மற்றவருக்கு?

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பக்கவாதத்துக்குப் பிறகு ஒரே விரலால் தட்டுகிறார். 'வரவு செலவு' என்ற பழைய கோப்பை நீக்க எண்ணி வகரத்தைத் தட்டினார். ரகரத்தின் விசையைத் தேடிக் கண்டு அழுத்துவதற்குள் இடைவெளி கடந்துவிட்டது. தெரிவு 'ரசீதுகள்' என்ற கோப்புறைக்குத் தாவியது. அவர் பார்வை விசைப்பலகையில் இருந்தது. நீக்கும் விசையை அழுத்தினார். மருத்துவச் செலவுக்கான ரசீதுகள் அதில் இருந்தன. குப்பைத்தொட்டியிலிருந்து அவற்றை மீட்டுவிட்டோம். எனினும் அன்று முதல் அவர் தாமாக எதையும் நீக்குவதில்லை. பேரன் வரும்வரை காத்திருக்கிறார். ஒரு மனிதர் தம் காரியத்தைத் தாமே செய்துகொள்ளும் உரிமை அந்த அரை நொடியில் அடங்கியிருந்தது.

தமிழில் பெயரிடுகிறவருக்கு வேறு இடர்களும் உண்டு. யூனிகோடு முறையில் 'கா' என்பது ககரமும் கால் குறியுமாகிய இரண்டு குறியீடுகள். ஆகவே ககரத்தைத் தட்டினால் 'காலண்டர்' என்ற கோப்பும் கிட்டும். ஆனால் ஒலிபெயர்ப்பு விசைமுறையில் முதலில் வருவது 'க்' என்ற புள்ளி பெற்ற மெய்; 'காலண்டர்' அவ்வாறு தொடங்குவதில்லை என்று கணினி கைவிரித்துவிடும். 'கொ' என்ற எழுத்தை ஒரே உயிர்க்குறியாகவும், கொம்பும் காலுமாகிய இரு குறிகளாகவும் சேமிக்கலாம். இரண்டும் ஒன்றே என்பது யூனிகோடு விதி. அவ்விதியைப் பின்பற்றாத செயலி, கண்ணெதிரே உள்ள கோப்பை இல்லையென்று சொல்லும். அன்றியும் யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தையடுத்து நிற்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். அட்டவணை வரிசையை அப்படியே கொண்டு அடுக்கினால் நம் கண் தேடும் இடத்தில் பெயர் இராது.

ஆகவே நாம் வேண்டத்தக்கவை யாவை? முதலாவது, பட்டியலில் எழுத்தைத் தட்டினால் தெரிவு தாவ வேண்டும், எதுவும் மறையலாகாது. இரண்டாவது, தட்டிய எழுத்துகள் ஒரு சிறு பெட்டியில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிழையானால் பின்னழிக்க இடம் வேண்டும். அவை எவ்வளவு நேரம் நிற்பது என்பதைப் பயன்படுத்துகிறவரே தீர்மானிக்க வேண்டும். மூன்றாவது, பொருந்தும் பெயர் இல்லையெனில் தெரிவு இருந்த இடத்திலேயே நின்று, இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் வழியாகவும் அது ஒலிக்க வேண்டும். நான்காவது, தேடுதலுக்குத் தனி விசை இருக்கட்டும். கன்ட்ரோலும் எஃப்பும் சேர்ந்த விசை பலருக்கும் பழகியதே. ஐந்தாவது, ஒப்பிடுதல் அந்தந்த மொழியின் எழுத்து மரபை அறிந்து நடைபெற வேண்டும்.

இவை புதுமையான கோரிக்கைகள் அல்ல. வையவிரிவலைக் கூட்டமைப்பு வலைப்பக்கச் செயலிகளுக்கு வகுத்துள்ள வழிகாட்டியிலேயே, தெரிவுப் பட்டியல்களில் தட்டிய எழுத்துக்குத் தாவும் வசதியைப் பரிந்துரைத்திருக்கிறது; ஏழுக்கு மேற்பட்ட உருப்படிகள் இருந்தால் அது சிறப்பாக வேண்டும் என்கிறது. முந்நூறு கோப்புகளுக்கு அது எவ்வளவு வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கருவி செய்கிறவருக்கு அறிவு மிகுதியாக இருக்கலாம். அந்த அறிவைக் கேட்டபோது காட்டட்டும். கேட்காதபோது, விரல் நீட்டிய திசையைப் பார்த்து, கேட்ட கோப்பைக் காட்டிவிட்டு அமைதியாக நிற்கட்டும். அந்த ஆசிரியர் மறுபடியும் தம் கோப்பைத் தாமே நீக்கும் துணிவு பெறுவாரானால், அக்கருவி தன் கடமையைச் செய்தது எனலாம்.