உறையிலிட்ட கத்தி



ரொறன்ரோவில் கொலிஜ் வீதியும் யூனிவர்சிட்டி அவெனியூவும் சந்திக்கிற இடத்தில், மார்ஸ் மையத்தோடு சேர்ந்து நிற்கும் பழைய கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் அந்நாளைய ரொறன்ரோ பொது வைத்தியசாலை. 1922 ஜனவரி 11ஆம் திகதி லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் ஊசி போட்டது அந்த வைத்தியசாலையில்தான். இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பாத்திரம் உண்டு. திரிப்சின் என்ற நொதியம்.

சதையி, அதாவது கணையம், இரண்டு வேலை பார்க்கிறது. இரத்தத்துக்கு இன்சுலினைக் கொடுக்கும். குடலுக்குச் சமிபாட்டு நொதியங்களை அனுப்பும். அவற்றில் திரிப்சினின் தொழில் புரதத்தை வெட்டுவது. இன்சுலினும் புரதம்தான். சதையியை அரைத்துச் சாறு எடுத்தால் சமிபாட்டு நொதியம் இன்சுலினை அழித்துவிடும் என்று அஞ்சினார் இன்சுலினைத் தேடிய பிரெட்றிக் பான்ரிங். நாயின் சதையிக் கானைக் கட்டிவிட்டால் நொதியம் சுரக்கும் கலங்கள் சில வாரங்களில் நலிந்துபோகும், எஞ்சியதில் இன்சுலின் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. 1921 மே மாதம் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் பெஸ்ற்றோடு வேலை தொடங்கினார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பயம் பெருமளவுக்குத் தேவையற்றது. உயிருள்ள சதையிக்குள் இருப்பது திரிப்சின் அல்ல, அதன் செயலற்ற முன்வடிவான திரிப்சினோஜன். உறையிலிட்ட கத்தி. உடற்றொழிலியலாளர்கள் இதை ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். 1922 டிசம்பரில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிராங்கன் றொபேர்ட்ஸ் இதைச் சொல்லியே பான்ரிங்கின் ஆய்வைக் கடுமையாக விமர்சித்தார். ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பே ரொறன்ரோக் குழு கானைக் கட்டுவதை விட்டுவிட்டு, முழு மாட்டுச் சதையியை மதுசாரத்தில் போட்டுச் சாறு எடுக்கத் தொடங்கியிருந்தது. முதல் ஊசி தொம்சனுக்குப் பெரிதாகப் பலன் தரவில்லை. அதே குழுவின் ஜேம்ஸ் கொலிப் மதுசாரத்தாலேயே சுத்திகரித்த மருந்தை ஜனவரி 23இல் ஏற்றியபோது, பையனின் இரத்தச் சீனி இறங்கியது.

திரிப்சினோஜனுக்கு இந்த உறை எதற்கு? நொதியம் ஒரு மாற்றத்தை வேகப்படுத்தும். ஆனால் அந்த வேலையில் தான் தீர்ந்துபோகாது. ஒரு மூலக்கூறு ஆயிரம் வெட்டு வெட்டிவிட்டும் அடுத்ததற்குத் தயாராக நிற்கும். அப்படிப்பட்டதை ஆக்குவதைவிட அடக்கி வைப்பதுதான் கலத்துக்குப் பெரிய பாடு.

மாட்டின் திரிப்சினோஜனில் உறையாக இருப்பது ஆறே ஆறு அமினோ அமிலங்கள் கொண்ட சிறு வால். முன்சிறுகுடலின் சுவரில் என்ரரோபெப்ரிடேஸ் என்ற இன்னொரு நொதியம் இருக்கிறது. அது அந்த வாலைச் சரியாக ஓரிடத்தில் நறுக்கும். நறுக்கியதும் புதிதாக வெளிப்பட்ட முனை உள்ளே மடிந்துகொள்ள, வெட்டும் இடம் உருவாகிறது. இப்படிப் பிறந்த திரிப்சின் மற்றத் திரிப்சினோஜன்களையும், வேறு சமிபாட்டு நொதியங்களையும் விழிக்க வைக்கும். ஆக, உணவு இருக்கும் இடத்தில்தான் கத்தி உருவப்படுகிறது.

தவறிப்போய்ச் சதையிக்குள்ளேயே கொஞ்சம் விழித்துவிட்டால்? அதற்கும் காவல் உண்டு. ஸ்பிங்க்-1 என்ற சிறு புரதம் திரிப்சினின் வெட்டும் இடத்திலேயே போய் அமர்ந்து அதை முடக்கிவிடும்.

அந்தக் காவல் தளர்ந்தால் வரும் கேட்டை நம் பக்கத்தில் பார்க்கலாம். கேரளத்தில் இளவயதினருக்குச் சதையியில் கல் உண்டாகி, வயிற்றுவலி வந்து, பிறகு சலரோகமும் சேரும் நோயை டாக்டர் கீவர்கீஸ் விரிவாக ஆராய்ந்தார். இந்நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்-1 மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதை 2002இல் ஹைதராபாத் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த மாற்றம் மட்டுமே நோயைத் தந்துவிடாது, ஆபத்தைக் கூட்டும். தன் நொதியத்தாலேயே தாக்கப்பட்ட சதையி, கடைசியில் இன்சுலின் சுரக்கும் கலங்களையும் இழக்கிறது.

“இன்சுலினைக் குளிசையாகத் தந்தால் என்ன?” என்று ஊசி போடுகிறவர்கள் கேட்பதுண்டு. விழுங்கினால் இரைப்பையில் பெப்சினும் சிறுகுடலில் திரிப்சினும் அதை உணவென்றே எண்ணி வெட்டிப்போடும். பான்ரிங் சதையிக்குள் கண்டு அஞ்சிய நொதியம், உண்மையில் குடலுக்குள்தான் இன்சுலினுக்கு எதிரி. அதனால்தான் நூறு வருடம் கடந்தும் அந்த மருந்து பெரும்பாலும் ஊசிவழியே போகிறது.